ஒரே கோடு

உள்ளறையில் அது மறுபடி அதிர்ந்தது. மர அலமாரிக்குள், மனைவியின் புடவைகளுக்கு நடுவே, ர்ர்ர் என்று இரண்டு தடவை. ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால் ‘எழுந்து நட’ என்று அதட்டும் இதயத் துடிப்பு வாட்ச். யார் கையில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

"இன்னும் சார்ஜ் இருக்கா சார்?" என்றாள் நர்ஸ். அதைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தாள்.

"தினம் போட்டு வைக்கிறேன்மா." ஏன் என்று அவருக்கே தெரியாது. மனைவி போய் இருபது நாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உறவுக்காரர்கள் கல் மனசு என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர் அவர். மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தே ரீடிங் போட்ட காலத்திலும், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நான்கு தடவை நடந்தவர். ஆஸ்பத்திரியில் வாட்சைக் கட்டிவிட்ட அன்று மனைவி சிரித்தாள். "எனக்கும் மீட்டர் மாட்டிட்டாங்க. ரிட்டயர் ஆனாலும் உங்களுக்கு டியூட்டி முடியல பாருங்க!"

நர்ஸ் படிவத்தை நீட்டினாள்.

"டாக்டருக்கு மனசே சரியில்ல சார். அம்மாவோட துடிப்பு, நடை எல்லாம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதைப் பாத்து நான்தான் மாத்திரையைக் குறைக்கலாமான்னு கேட்டேன். அவரும் பாதியாக்கினார். எங்க தப்பு பண்ணோம்னு இன்னும் புரியல."

படிவத்தில் ஒரு கேள்வி: ‘நோயாளி கருவியைத் தொடர்ந்து அணிந்தாரா?’ ‘ஆம்’ என்பதில் அவளே டிக் போட்டிருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவ துடிப்பு இல்லம்மா."

"என்ன சார்?"

"நாலு அடி வெச்சா அவளுக்கு மூச்சு வாங்கும். நடை குறைஞ்சா வெளிநாட்டுல இருக்கிற பொண்ணு போன்ல பாத்துட்டுத் திட்டுவா. அதனால இவ, ‘நீங்க கட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன், உங்களுக்குத்தான் நடந்து பழக்கம்’னா. ரெண்டு மாசம் நான்தான் கட்டிக்கிட்டு நடந்தேன். அம்மா சூப்பர்னு பொண்ணு சொல்லும்போதெல்லாம் ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சோம்."

நர்ஸ் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மாத்திரையைக் குறைச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே சார்?"

"டாக்டரே குறைச்சதும், நல்லாயிட்டா போலன்னு நானும் நம்பிட்டேன்மா."

அவர் பேனாவை எடுத்தார். தப்பாக எழுதிய ரீடிங்கை அழிக்கக் கூடாது. ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். அப்படித்தான் செய்தார். ‘ஆம்’ மேல் ஒரு கோடு. ‘இல்லை’யில் டிக். இரண்டு எழுத்து ஒப்பம்.

"இதோட நகல் பொண்ணுக்கும் போகும் சார். யோசிச்சுக்கோங்க. வேற படிவம் தர்றேன், ‘ஆம்’னே இருந்தாக்கூட யாருக்கும் தெரியாது."

"டாக்டர்கிட்ட இன்னிக்கே காட்டிடும்மா. பாவம், அவராவது தூங்கட்டும்."

அலமாரியைத் திறந்து வாட்சை எடுத்து வந்தார். வார்ப்பட்டையில் அவருடைய மணிக்கட்டுக்கு ஏற்ற துளைதான் தேய்ந்திருந்தது. நர்ஸ் அதைப் பார்த்தாள், உறைக்குள் போட்டுக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பாத்துப் போம்மா. மூணாவது படி கொஞ்சம் உடைஞ்சிருக்கு."

அவள் அந்தப் படியைத் தாண்டி இறங்கும்வரை நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.