கழுகு மார்க்கும் மணி மார்க்கும்

"தாங்கள் எழுதியதைக் குடும்பத்தோடு படித்தோம். என் தங்கை கல்யாணத்தில் ஒலித்த மைக் செட்டை வெகுவாகப் புகழ்ந்திருக்கிறீர்கள். மிக்க சந்தோஷம். ஆனால் அன்று மைக் செட் ஒலிக்கவே இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

சித்திரை மாதத்தில் எனக்கு வந்த போஸ்ட் கார்டு இது. எழுதியவர் கல்லங்குறிச்சிப் பக்கத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. அவரும் கார்டில் தேதி போடவில்லை. தபால் முத்திரையில் நாள் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பிக் கிடக்கிறது. வேறு சமயமாக இருந்தால், தேதி போடாமல் எழுதுகிறவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் அரைப் பக்கம் புலம்பியிருப்பேன். இந்த முறை அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

வாராவாரம் என்னைப் படிப்பவர்களுக்கு அந்தக் கட்டுரை நினைவிருக்கலாம். படிக்காதவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்காகச் சுருக்கமாக...

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பக்கத்துக்கு இரண்டு மைக் செட்டுகள் வந்தன. ஒன்று அரியலூரில், ஸ்டேஷன் ரோட்டில் கடை வைத்திருக்கும் கோவிந்தசாமியுடையது. அதன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஒரு கழுகு படம் இருக்கும். மற்றது பெரம்பலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் காசிம் பாயுடையது. அந்தப் பெட்டியில் ஒரு மணி. இரண்டையும் செய்த கம்பெனிகளின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாததால் கழுகு மார்க், மணி மார்க் என்றே நின்றுவிட்டது.

இப்போது மைக் செட் இல்லாத கல்யாணம் எங்கள் பக்கம் அரைக் கல்யாணம். பாட்டரியும் பெட்டியும் மாட்டு வண்டியில் வரும். சத்தம் வெளிவரும் பெரிய குழாயை மரத்து உச்சியில் கட்டுவார்கள். நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் முன்னால் மைக்கை நிறுத்துவார்கள். கல்யாணம் முடிந்து ஊர் திரும்புகிறவரை முன்பெல்லாம் "சாப்பாடு எப்படி?" என்று விசாரிப்பார்கள். இப்போது முதல் கேள்வி, "எத்தனை ஊருக்குக் கேட்டுச்சு?"

எந்த மார்க் சிறந்தது? அரியலூர் காபி கிளப்பில் இதற்காக டம்ளர்கள் உருண்டிருக்கின்றன. கழுகுக் கட்சி சொல்லும்: நாதஸ்வரம் ஆற்றைத் தாண்டிப் போகிறது, வேறென்ன வேண்டும்? மணிக் கட்சி சொல்லும்: தூரம் கிடக்கட்டும், தொப்பி கேட்கிறதா? தவிலில் கம்பால் அடிக்கிற இடப்பக்கம்தான் தொப்பி. 'தும்' என்று அடிவயிற்றில் இறங்கும் சத்தம் அதில்தான் வரும். கழுகு மார்க்கில் அது டின்னைத் தட்டினாற்போல இருக்கிறது, மணி மார்க்கில் தும் தும்மாகவே வருகிறது என்பது அவர்கள் வாதம்.

இரண்டு பெட்டியையும் கிட்டே போய்ப் பார்க்காதவர்கள்தான் அதிகமாகப் பேசினார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் நான் மற்றவர்களைப் போல வெறும் வாய்ப்பேச்சுக்காரன் அல்லவே! எதையும் நேரில் போய் விசாரித்து, நாள் கிழமை போட்டு, குறித்து வைத்து எழுதுகிறவன் — அப்படித்தான் என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் பங்குனியில் ஒரு விசாரணையை ஆரம்பித்தேன்.

கல்லங்குறிச்சிப் பக்கம் ஒரு கல்யாணம், கழுகு மார்க். பெரம்பலூருக்குத் தெற்கே ஒரு கல்யாணம், மணி மார்க். இரண்டு கல்யாண வீட்டுக்கும் நான் போகவில்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை. கல்யாண வீட்டார் தங்கள் செட்டைத் தூக்கிப் பேசுவார்கள், உண்மை வராது என்று கணக்குப் போட்டேன். மறுநாள் சுற்றுப்புற ஊர்களுக்குப் போய், பட்சபாதம் இல்லாதவர்களை விசாரித்தேன்.

கல்லங்குறிச்சிப் பக்கத்தில் விசாரித்த இடமெல்லாம் ஒரே பதில். நல்லா கேட்டுச்சுங்க. தவிலுமா? தவிலும்தாங்க. தொப்பி? அதுதாங்க ரொம்ப நல்லா கேட்டுச்சு.

பெரம்பலூர்ப் பக்கம், கல்யாண ஊர் ஏரிக்கு அக்கரையில் இருந்த ஊரில் விசாரித்தேன். ஒண்ணும் கேக்கலை. கொஞ்சம்கூடவா? காக்கா கத்தினது கேட்டுது, மைக் செட்டு கேக்கலை.

இதைவிடத் தெளிவான சாட்சியம் உண்டா? கழுகு மார்க்கே சிறந்தது, தொப்பி விஷயத்திலும் அதுவே சிறந்தது என்று தீர்ப்பு எழுதினேன். 'இனி இதில் சந்தேகத்துக்கு இடமில்லை' என்று கடைசி வரி. அந்த வரியை எழுதியபோது எனக்கு என்ன ஒரு திருப்தி!

போஸ்ட் கார்டை எடுத்துக்கொண்டு நேரே கோவிந்தசாமி கடைக்குப் போனேன். அவர் மறைக்கவில்லை. வண்டி மருதையாற்றில் இறங்கி ஏறிய குலுக்கலில் ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் கண்ணாடி வால்வு போய்விட்டதாம். கல்யாணம் வெறும் மேளத்தோடு நடந்திருக்கிறது.

"இதை முன்னாடியே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் சார். நீங்க எழுதினதைப் பார்த்துட்டு வர்றவங்க எல்லாம் கேட்டுச்சு கேட்டுச்சுங்கிறாங்க. சரி, கேட்டிருக்கும்போலன்னு நானும் விட்டுட்டேன்."

அன்று மத்தியானமே பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

காசிம் பாய் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ வாங்கிவரச் சொன்னார். நான் எழுதியது வெளிவந்த வாரத்திலிருந்து, வைகாசிக்குப் பேசி வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டன என்பதை, மழை பெய்யவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். பாக்கி ஒரே ஒரு வீடு. ஜெயங்கொண்டத்துக்குக் கிட்டே, முந்திரித் தோப்புக்காரர் ரத்தினசாமியின் மகள் கல்யாணம். அவரும் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"இதுவும் போச்சுன்னா செட்டை வந்த விலைக்குத் தள்ளிட்டு, பழையபடி சைக்கிள் வாடகைக்கு வுட வேண்டியதுதான் சார். அல்லா என்ன வெச்சிருக்கானோ."

அக்கரை ஊரில் யாருக்குமே கேட்கவில்லை என்றார்களே, அது எப்படி என்று மெதுவாக ஆரம்பித்தேன். எனக்கு அப்போதும் ஒரு நப்பாசை.

பாய் சிரித்தார். "அது யாரு ஊருன்னு தெரிஞ்சுதான் போனீங்களா? கல்யாண வூட்டுக்காரருக்கும் அந்த ஊருக்கும் ஏரித் தண்ணி வழக்கு, கோர்ட்டுல கெடக்கு. அவுங்க வூட்டுல இடி விழுந்தாலும் இவுங்க காதுல விழாது."

கல்லங்குறிச்சிப் பக்கம்? அங்கே சுற்றியுள்ள ஊரெல்லாம் பெண் கொடுத்து எடுத்தவர்கள். கல்யாணச் சத்தம் கேட்கவில்லை என்று சொல்வது, 'உன் வீட்டுக் கல்யாணம் எனக்கு ஒரு பொருட்டில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். யார் சொல்வார்கள்? நான் மைல் கணக்கு, காற்று அடித்த திசை எல்லாம் குறித்துக்கொண்டு மெனக்கெட்டுச் சேகரித்தது யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பகை என்பதை மட்டுமே. அதைக் காபி கிளப் முதலாளியிடம் விசாரித்திருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லியிருப்பார்.

மறுப்பு எழுதுகிறேன் என்றேன். பாய் பதறிப்போனார்.

"வேணாம் சார். நீங்க மறுபடி எழுதினா மறுபடி என் பேருதான் அடிபடும். ரத்தினசாமி ஐயாகிட்ட வந்து வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

போனோம். ஜெயங்கொண்டம் வரை பஸ், அப்புறம் தோப்புகளுக்கு நடுவே ஒற்றை மாட்டு வண்டி. வழியெல்லாம் நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

ரத்தினசாமி பெரிய மனிதர். நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார். கட்டுரை வந்த பத்திரிகை அவர் மேஜை மேலேயே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அரியலூர்க்காரர்கள், அவர்கள்தான் கொடுத்தனுப்பினார்களாம், கழுகு மார்க்கே வேண்டும் என்று.

"அச்சுல ஒண்ணு சொல்றீங்க, வாயால ஒண்ணு சொல்றீங்க. சம்பந்தி வூட்டுக்கு நான் எதைச் சொல்றது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு பண்ணுங்க. செட்டு பாயோடதே இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு நீங்க வாங்க. எங்க ஊரு ஏரிக்கு அந்தாண்ட கரையில நின்னு கேளுங்க. வந்து சம்பந்தி முன்னால சொல்லுங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னே சொல்லுங்க, எனக்கு வருத்தமில்லை."

அவருக்கு வருத்தமில்லை. அவருக்குப் பின்னால் நின்றிருந்த பாயின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை என்பதே சரி.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கோவிந்தசாமி வண்டிக்கு நேர்ந்தது தனக்கும் நேரக் கூடாது என்று, வால்வுகளைப் பாய் வைக்கோலில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். தாலி கட்டுகிற நேரத்துக்கு முன்பே நான் ஏரியைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய் நின்றேன். விசாரணைக்காரன் என்ற மிடுக்கு எதுவும் மிச்சமில்லை. பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி இருந்தது.

காற்று பலமாக அடித்தது — என் முதுகிலிருந்து கல்யாண ஊரை நோக்கி. நாதஸ்வரம் எங்கே? காதைக் குவித்துக்கொண்டேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன். கண்ணை மூடினால் நன்றாகக் கேட்கும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து மூடினேன். தண்ணீர் கரையில் மோதுகிற சத்தம், என் வேட்டி படபடக்கிற சத்தம், அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒருவர் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மைக் செட்டு சத்தம் கேக்குதா?"

அவர் நிமிர்ந்து, "யாரு வூட்டுக் கல்யாணம்?" என்றார்.

"ரத்தினசாமி வூடு."

"அட, அவுரு வூடா! நல்லா கேக்குதே," என்று சொல்லிவிட்டு மறுபடி எருமைக்குக் குனிந்துவிட்டார்.

அப்போதுதான் வந்தது. தும். கொஞ்சம் இடைவெளி விட்டு, தும்... தும். காதில் விழுந்தது என்பதைவிடக் காலடியில் உணர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். கனமான, அடங்கின சத்தம். தொப்பி! மணிக் கட்சிக்காரர்கள் சொன்ன அதே தும்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றில் தூசியும் இருந்தது.

ஆனாலும் நாதஸ்வரம் இல்லாமல் தவில் மட்டும் எப்படி வரும்? சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? எனக்கு எதிரே, ஏரிக்கு அப்பால், கல்யாணம். எனக்குப் பின்னால், காற்று வருகிற பக்கத்தில், எருமைக்காரரின் ஊர். முதல் தெருவே கரையை ஒட்டித்தான் இருக்கிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மறுபடி வரவில்லை.

கல்யாணப் பந்தலுக்குத் திரும்பினேன். சம்பந்திகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. மைக் செட்டை வேறு அணைத்துவிட்டார்கள், நான் சொல்வதைக் கேட்பதற்காக. காசிம் பாய் பெட்டிக்கு அருகில் குந்தியிருந்து, சரியாகவே இருந்த ஒரு ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"என்ன சார், கேட்டுச்சா?" என்றார் ரத்தினசாமி.

எழுத ஆரம்பித்த நாளிலிருந்து, நிச்சயம் தெரியாத எதையும் நிச்சயம் என்று சொன்னதில்லை என்ற ஒரு பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையின் லட்சணம் எனக்கே தெரிந்துவிட்டதால், பதில் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

"நல்லா கேட்டுச்சுங்க. தொப்பி தனியா கேட்டுச்சு."

மாப்பிள்ளையின் தகப்பனார் தலையை ஆட்டினார். தொப்பி கேட்டால் சரிதான் என்றார். அவர் கழுகுக் கட்சியில் வெகு காலமாக இருப்பவராம். அங்கேயே, சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர் ஆனி மாதத்துக்குப் பாயிடம் நாள் சொல்லிவைத்தார். பாய் என்னிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்த என் இலைக்கு அவரே பாயசக்காரரைக் கூட்டிவந்து இரண்டு தடவை ஊற்றவைத்தார்.

பெரம்பலூரிலிருந்து போன வாரம் சேதி வந்தது, பாய் தன் பழைய வாடகைச் சைக்கிள்களை விற்றுவிட்டாராம்.

இதைப் படித்துவிட்டு மணிக் கட்சிக்காரர்கள் துள்ள வேண்டாம். கழுகுக் கட்சிக்காரர்களும் முறைக்க வேண்டாம். நான் சாட்சி சொன்னது கல்யாண வீட்டில், பத்திரிகையில் அல்ல. பத்திரிகையில் எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே குறித்துவைக்கிறேன்:

அன்று காலை முகூர்த்த நேரத்தில், அக்கரை ஊரின் முதல் தெருவில், யார் வீட்டிலாவது உலக்கை போட்டு நெல் குத்தினார்களா என்பது, இதை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை.