முற்றம் ஒதுக்கிய மத்தியானம்

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டைக் கேத வீடு என்பார்கள். ஊரில் எந்த வீட்டில் கேதம் என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். கல்யாணத்துக்கு மட்டும் ஒருத்தரும் என்னிடம் வேலை சொல்வதில்லை. பத்திரிகை வைப்பார்கள். போனால் முதல் பந்தியிலேயே உட்காரவைத்து, வெற்றிலை பாக்குக் கொடுத்து, அனுப்பிவிடுவார்கள். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாலே பெண்ணைப் பெற்றவள் முகம் செத்துப்போகும். எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். என் ராசி அப்படி என்று விட்டுவிட்டேன்.

கேத வீட்டில் வேலை சொல்வது யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை. சித்தி இறந்த அன்று எல்லோரும் முற்றத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரீசர் பெட்டி வந்த வேன் தெருவிலேயே நின்றது. முற்றம் முழுக்க பைக்கும் ஆடும் கட்டிலும். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். அழுகைக்கு நடுவே வாய் தானாக வேலை சொல்ல ஆரம்பித்தது. வம்பு பேசுகிற மாமாவை விறகுக்கு அனுப்பினேன். கருவேலங்காட்டில் அவர் யாரோடு மல்லுக்கட்டினாலும் நமக்குக் கேட்காது. தேற்ற முடியாமல் அழுத மதினியை டீ அடுப்பில் உட்காரவைத்தேன். புகையில் அழுகிறவளை யாரும் தேற்ற வேண்டியதில்லை. எந்த ஆளை எங்கே நிறுத்தினால் காரியம் நடக்கும் என்பது எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

போகப் போகக் கை தேர்ந்தது. வந்து சேர நேரமாகும் சென்னைக்காரருக்கு முதலில் போன், பக்கத்து ராமநாதபுரத்துக்காரருக்குக் கடைசியில். மழைக்காலத்தில் விறகு யார் வீட்டில் நனையாமல் இருக்கும், மறுநாள் அஸ்தி கரைக்க தேவிபட்டினம் கடலுக்கு யார் கார் வரும், எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. எதைத் தொடுவதற்கு முன்பும், பெட்டி வேன் வந்து நிற்க முற்றத்தை ஒதுக்கிவிடுவேன். "அவ முத்தத்த ஒதுக்கிட்டான்னா சங்கதி முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

இத்தனை செய்தும் நான் உள்ளே போனதில்லை. இறந்தவர் கிடக்கிற அறைக்குள் போக எனக்கு நேரம் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால், நேரம் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன்.

பிறகு என்னைப் பெற்ற அய்யாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்கு என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும். நான் தெரியாதவள் மாதிரி இருந்தேன். அம்மா போய் வெகுகாலம். வீட்டில் அவரும் நானும்தான். கஞ்சி குடிக்கிறார், தேறிவிடுவார் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு மத்தியானம் அவர் கண் அயர்ந்த பிறகு வாசலுக்கு வந்தேன். மிளகாய்ப் பழம் காய்கிற காலம். முற்றம் சிவப்பாகக் கிடந்தது. கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் எல்லாம் நசுநசுத்துப் போகுமே என்று அவசரமாக அள்ளிச் சாக்கில் கட்டினேன். ஆட்டைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டினேன். பைக்கைத் தெருவுக்குத் தள்ளினேன். கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாத்தினேன்.

நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மிளகாய்ச் சாக்கைத் தூக்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் போய் ஓரமாக உட்கார்ந்தார். அடுத்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கேதத்துக்குப் போகிற மாதிரி தலைமுடி அவிழ்ந்திருந்தது. ஒரு ஆட்டோவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. மாமா அரிவாளோடு கருவேலங்காட்டுப் பக்கம் போனார். மதினி வேலியோரம் மூன்று கல் கூட்டி அடுப்புப் பற்றவைத்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை. நான் வேலை சொல்லியிருந்தால் எப்படி நடந்திருக்குமோ அப்படியே நடந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ? உள்ளே ஓடினேன். போர்வை அசையவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். வெகுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

வெளியே வந்து கத்தினேன். "அய்யா உசுரோட இருக்காரு. எல்லாரும் எந்திரிச்சுப் போங்க!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"நான் மழைக்குத்தான் முத்தத்த ஒதுக்குனேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

மதினி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்த மழைக்கு?"

அண்ணாந்து பார்த்தேன். கடல் பக்கமும் சரி, ஊர்ப் பக்கமும் சரி, ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. ஆடு, பைக், கட்டில், எல்லாம் ஒதுங்கி, பெட்டி வேன் பின்பக்கமாக வந்து நிற்கிற அளவுக்கு முற்றம் காலியாகக் கிடந்தது. என் கையைப் பார்த்தேன். மிளகாய்க் காந்தலில் விரல்கள் எரிந்தன. எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருந்தது.

வந்திருந்தவர்களில் பெரியப்பா எழுந்து பக்கத்தில் வந்தார். அய்யாவின் ஒன்றுவிட்ட அண்ணன் அவர். அதிகம் பேசமாட்டார்.

"உசுரோட இருக்காருன்னு எங்களுக்கும் தெரியும்த்தா. அதான் இப்பவே வந்தோம்."

"எதுக்கு?"

"நீ உள்ள போ. அவரு பக்கத்துல உக்காரு. இங்கன நாங்க பாத்துக்கிர்றோம்."

சண்டை போட வாயெடுத்தேன். விறகுக்கு ஆள் போயாகிவிட்டது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஒருவர் தெருமுனையில் நின்று சென்னைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார், குரலைத் தணித்து. அந்த முற்றத்தில் எனக்கென்று ஒரு வேலை கூட இல்லை.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அய்யா கண்ணைத் திறந்தார். வெளியே நாற்காலி இழுபடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"யாரு வீட்லத்தா கேதம்?"

போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

"நீ போகலையா? வேலை கெடக்குமே."

"ஆள் இருக்காக அய்யா."

"அப்ப இரு" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். மதினி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிப்போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் அவர் போனார். அதுவரை எத்தனையோ கேதம் நடத்தியிருக்கிறேன். ஒரு மனுஷன் மூச்சு நிற்பதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.