ஐந்தாம் பாறையின் பச்சை

இருளப்பசாமிக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய முழங்கால்களுக்கு எழுபது இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து செண்பகத்தோப்புக்கு சைக்கிள் மிதித்துப் போய், வனத்துறையில் தற்காலிக வாட்சராக இருபத்திரண்டு வருடம் தேய்ந்தவர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் போட்டிருந்தாலும் அதை அழித்துவிடலாம். கோடையில் காட்டு விலங்குகளுக்காகக் கட்டியிருக்கும் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றுவதுதான் அவருக்குப் பிடித்த வேலை. மான் குடித்துவிட்டுப் போன தடத்தைப் பார்த்தால் அன்றைக்கு அவருக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எலினா டீச்சர், அனுமதி வாங்கிக்கொண்டு, ஓடையிலிருந்து மலையுச்சி வரை பத்துப் பாறைகளில் மஞ்சள் பெயிண்டால் எண் போட்டார். ஒவ்வொரு பாறையிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பாசி. மாதம் ஒரு தடவை நூறு கட்டம் உள்ள கம்பிச் சட்டத்தை அதன்மேல் வைத்து, எத்தனை கட்டத்தில் உயிருள்ள பாசி இருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். காய்ந்து கிடந்தால் சொட்டுமருந்துக் குப்பியால் பத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். உயிர் இருந்தால் சற்று நேரத்தில் பச்சை திரும்பும். பத்துச் சொட்டுக்கு மேல் கூடாது.

"இதுக்கு வேர் கிடையாதுண்ணே," என்று முதல் நாளே டீச்சர் சொல்லியிருந்தார். "மலைமேல மூடுற பனி மஞ்சு வந்து இறங்கினாத்தான் குடிக்கும். இந்த மலை காயுதுங்கிறதை மரம் நமக்குச் சொல்றதுக்குப் பத்து வருசம் ஆகும். பாசி உடனே சொல்லிரும்."

சொல்லத்தான் செய்தது. முதலில் ஓடைக்கரைப் பாறை கறுத்தது. பிறகு இரண்டு, மூன்று, நான்கு. கீழிருந்து மேலாகப் பூஜ்யம் போட்டுப் போட்டு இருளப்பசாமிக்கு அலுத்துப்போனது. ஒரு மனிதன் எத்தனை மாதம்தான் இழவுக் கணக்கு எழுதுவான்?

ஐந்தாம் பாறை பாதி வழியில் இருக்கிறது. முழங்கால் கெஞ்ச ஆரம்பிக்கும் இடம். போன வருடப் பங்குனியில் அதில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தால், பாசி காப்பித்தூள் நிறத்தில் கிடந்தது. பத்துச் சொட்டு விட்டார். ஒரு ஓரம் மட்டும் பச்சை திரும்பியது. அவர் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மிச்சமிருந்ததை எல்லாம் அதன்மேல் ஊற்றினார். தொட்டிக்கு ஊற்றிப் பழகிய கை, யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரமும் ஊற்றினார். அதற்கடுத்த வாரமும். அப்புறம் புலி வாலைப் பிடித்த கதைதான். புலிகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவருக்கு அது பொருத்தம்தான் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தினால் பாசி சாகும். ஊற்றினால் எழுதுவதெல்லாம் பொய். நாற்பது கட்டம் ஐம்பத்தைந்தாகி, எழுபத்தெட்டு வரை வந்தது.

இந்தப் புரட்டாசியில் டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை இருளப்பசாமி பார்த்ததில்லை.

"அண்ணே, அஞ்சாம் பாறை வளருது! அங்க மட்டும் மஞ்சு இன்னும் வருதுண்ணே. உச்சியில அழிஞ்சிக்கிட்டு வர்ற மரங்களோட கன்னு முந்நூறு, மூணு வருசமா வளர்த்து வச்சிருக்கேன். மழை தொடங்கவும் அம்புட்டையும் அங்கதான் நடப்போறோம்."

வீட்டில் மனைவி ஆவுடையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நல்லதுதான செஞ்சீக? பேசாம இருங்க," என்றாள் அவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தபடி நான்கு நாள் இருந்து பார்த்தார். சோறு இறங்கவில்லை. மஞ்சு வராத இடத்தில் முந்நூறு கன்றும் கோடை தாங்காது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஐந்தாம் நாள் ராஜபாளையம் பஸ் ஏறினார்.

"டீச்சர், அங்க மஞ்சு வரலை. நான்தான் தண்ணி ஊத்துனேன்."

டீச்சர் திட்டியிருந்தால் தேவலை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்பருந்துண்ணே?"

"போன வருசம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாளையில இருந்து."

"பதினெட்டு மாசம்." நோட்டைத் திறந்து, ஐந்தாம் பாறைக்கு எழுதியிருந்த பதினெட்டு எண்களையும் சிவப்பு மையால் அடித்தார். பிறகு அழுதார். "ஆறு வருசமா இந்த மலை எனக்கு ஒரு நல்ல சேதி சொல்லலை. இந்த ஒரு வாரந்தான் நிம்மதியா இருந்தேன். ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"தாகத்துல கிடக்குன்னு தெரிஞ்ச பொறவு சும்மா எப்படி டீச்சர் வாரது?"

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கன்னுகளை எட்டாம் பாறைக்கு மேல கொண்டு போயிருவோம். நீங்க இனிமே ஊத்தக் கூடாது. ஊத்துறதை நிறுத்தின பொறவு அது எத்தனை மாசம் தாங்குதுன்னாவது எழுதுவோம். எண்ண வேற ஆள் பார்க்கட்டுமா?"

"வேண்டாம். நானே எண்ணுதேன்."

மழை நிற்கும்வரை பாசி தாக்குப்பிடித்தது. மாசியில் அறுபத்தொன்று. பங்குனியில் முப்பத்தெட்டு. சித்திரையில் பத்துச் சொட்டு விட்டுக் காத்திருந்ததில் ஒன்பது கட்டம் மட்டும் பச்சையானது. ஒன்பது என்று எழுதிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ அவருக்கு அரைமணி நேரம் ஆனது. இறங்குகிற வழியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாசியிலிருந்தே அவர் மலையேறும்போது சொட்டுக் குப்பியைத் தவிர, குடிக்கிற தண்ணீர் பாட்டில் கொண்டுபோவதில்லை. கீழே, மான் குடிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறுகிறார். அவருக்குத் தன் கைமேல் நம்பிக்கை இல்லை.