ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் பேத்திக்கு எழுதிய பெயர்

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ‘நான் அங்கே இல்லை’ என்று நழுவக் கூடாது. என் மகள் வசந்தி. அவளுடைய மகன் கவின், இரண்டு வயது எட்டு மாதம். நான்கு மாதக் கைக்குழந்தை, பெண். அதற்கு அன்றுவரை பெயர் வைக்கவில்லை. வசந்தியின் மாமியார் ராஜேஸ்வரி, எனக்குச் சம்பந்தி, எங்கள் ஊர்ப்பக்கம் குட்வில் எஸ்டேட்டில் வீடு. டிரைவர் தாஸ், வங்காளி. அப்புறம் நான். மாப்பிள்ளை செந்தில் வண்டியில் இல்லை, ரங்கத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். ஆனாலும் அவரையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

வசந்தி எங்கள் தீவுகளில் வடக்கே இருக்கிற ரங்கத்தில் டீச்சர். பிரசவத்துக்குப் புரோத்ராபூரில் என் வீட்டுக்கு வந்தவள், லீவு முடிந்து தை மாதம் இரண்டாவது வாரம் புதன்கிழமை வேலையில் சேர வேண்டும். கப்பலில் போகலாம்தான். ஆனால் கப்பல் ஏறினால் அவளுக்குக் குடலே வெளியே வந்துவிடும். அதனால் திங்கட்கிழமை ரோட்டு வழியாகக் கிளம்பினோம். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த வழியில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். எப்படிப் போனோம் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் பெயர் விஷயம். எனக்கு முதலில் பிறந்தது ஒரு பெண், மல்லிகா. கவின் வயதுதான் இருக்கும், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. அன்று அது போட்டிருந்த கவுனில் நான்கு பித்தான், ஒன்று மட்டும் வேறு நிறம். இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு பிறந்தவள்தான் வசந்தி. பேத்தி பிறந்ததும் மல்லிகா என்றுதான் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். “சரி அத்தை, உங்க இஷ்டம்” என்றார். அன்றிலிருந்து இரண்டு மாதம், குளிப்பாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். சம்பந்தி ‘யாழினி’ என்று ஒரு பெயரை நம்பர் பார்த்து எடுத்து வைத்திருந்தார். அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரங்கத்துக்குப் போய், அந்த வார வெள்ளிக்கிழமை பெயர் சூட்டுவதாக ஏற்பாடு.

வண்டிக்கு ஏழாயிரம் பேசியிருந்தோம், ஒரு வழிக்கு. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது, ஆறு நாற்பது ஆகிவிட்டது. கவின் ஒரு காலில் செருப்பு மாட்டினால் மற்றக் காலில் கழற்றிக்கொண்டிருந்தான். கைக்குழந்தை கிளம்பும் நேரத்தில் உடுப்பை நனைத்தது. மாற்றிய உடுப்பையும் நனைத்தது. வெந்நீர் பிளாஸ்க் எங்கே, பச்சைப் பை எங்கே என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்த நடையில் வழியில் இருக்கும் பாராடாங்குக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஜிர்காடாங் எங்கள் வீட்டிலிருந்து மீட்டர்படி நாற்பத்தைந்து கிலோமீட்டர். எட்டுப் பத்துக்குப் போய்விட்டோம். அங்கிருந்து காட்டு வழி. எந்த வண்டியும் தனியாகப் போக முடியாது. நேரம் வைத்து, எல்லா வண்டிகளையும் வரிசையாகப் போலீஸ் காவலோடு விடுவார்கள். எங்களுக்கு ஒன்பது மணி கான்வாய். நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. காட்டில் வாழும் ஆதிவாசிகள் அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும் என்றுதான் இத்தனையும். அதனால் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை ஜிர்காடாங்கிலேயே செய்துவிட வேண்டும். அங்கே டீக்கடைகள் உண்டு. நான்கு இட்லி அறுபது ரூபாய், பூரி சூடாக இருந்தது.

வண்டியில் போகிற எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு கொடுக்க வேண்டும். தாள் இங்கிலீஷில் இருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவள். தமிழ் எழுதுவேன், இந்தியில் யாரோடும் சண்டை போடுவேன், இங்கிலீஷ் தாள் என்றால் அடுத்தவர் கையைத்தான் பார்க்க வேண்டும். சம்பந்தி ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பேனா எப்போதும் கைப்பையில் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கவின் “அம்மாச்சி, ஒண்ணுக்கு” என்றான்.

“குழந்தை பேரு மல்லிகான்னு போட்டுருங்க சம்பந்தியம்மா” என்று சொல்லிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “ம்” என்றார். அந்த ‘ம்’ எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அப்புறம் அவன் ஒரு கோழியைப் பார்த்தான். கோழி கடைக்குப் பின்னால் ஓடியது, அவன் கோழிக்குப் பின்னால் ஓடினான், நான் அவனுக்குப் பின்னால் ஓடினேன். திரும்பி வரும்போது தாளைக் கொடுத்து முடித்திருந்தார்கள். ஒரு நகலைத் தாஸ் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“வசந்தி, ராஜேஸ்வரி, கவின், யாழினி... யாழினி கோன், யாரு? இந்தச் சோட்டா பாப்பாவா? அச்சா நாம், அம்மாஜி!”

அந்தத் தாளில் எழுதினால் அதுவே பெயராகிவிடாது, எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழந்தைக்கென்று ஒரு பெயர் முதன்முதலாகத் தாளில் ஏறியது அங்கேதான். நான் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் உறுமியது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

இனி நாற்பத்தொன்பது கிலோமீட்டருக்கு நிறுத்த முடியாது.

“நான் என்ன சொன்னேன், நீங்க என்ன எழுதினீங்க?” என்றேன்.

“எழுதுனது எழுதுனதுதான்.”

“பேனா பிடிக்கத் தெரிஞ்சா ஊரான் பிள்ளைக்கெல்லாம் பேரு வச்சுருவீங்களோ?”

“ஊரான் பிள்ளையா? எம்மகனுக்குப் பொறந்தது, சம்பந்தியம்மா.”

“எம்மக பெத்தது! கல்யாணத்தன்னிக்குப் பந்தியில எங்க சித்தப்பாவ எழுப்பிவிட்டவுகதானே நீங்க. இன்னிக்கு மட்டும் திருந்திருவீங்களா?”

“அது ஏழு வருஷம் ஆச்சு.”

“எனக்கு நேத்து மாதிரி இருக்கு.”

குழந்தை அழ ஆரம்பித்தது. கவின் சீட்டில் ஏறி நின்று, “கோழி வேணும்” என்று கத்தினான். வசந்தி குழந்தைக்குப் பால் கொடுக்கப் பார்த்தாள். அது வாங்காமல் திமிறியது. நான் தாஸிடம், “நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன்” என்றேன்.

“காட்டுல இறங்கினா போலீஸ் எனக்குச் சலான் போடுவான், அம்மாஜி” என்றார் தாஸ். “லடாய் எல்லாம் படகுல வச்சுக்கோங்கோ. அங்கே இடம் பெரிசு.”

சம்பந்திக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. மேலும் கொஞ்ச தூரம் நான் அவரை விடவில்லை. சீமந்தத்துக்கு வந்த வளையல், ஹேடோ துறைமுகத்தில் நாங்கள் கப்பல் விட்டு இறங்கிய அன்று எங்களை அழைக்க வராதது, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவர் வெளியே மரங்களைப் பார்த்தபடி, “திட்டுங்க, திட்டுங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வசந்தி வாயைத் திறந்தாள்.

“அத்தைய விடும்மா. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்.”

“நீயா?”

“நான்தான். அந்தப் பேரு வேண்டாம்மா.”

“அவ ஒன் அக்காடி.”

“தெரியும். சின்னப்பிள்ளையில எனக்குக் காய்ச்சல் வந்தா, என் நெத்தியத் தடவிக்கிட்டு மல்லிகா, மல்லிகான்னுதான் சொல்லுவ. பரீட்சையில நல்லா வாங்கிட்டு ஓடி வந்தாலும் வாயில அதுதான் மொதல்ல வரும். அப்புறம்தான் வசந்தி. நான் கோவிச்சுக்கிட்டதில்ல. ஆனா எம்மகளக் கூப்பிடும்போது நீ எம்மகளப் பாக்கணும்மா. அக்காவப் பாக்கக் கூடாது.”

நான் எதையும் மறக்காதவள் என்று ஊரே சொல்லும். ஆனால் இது எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு தடவைகூட.

“அப்படியா கூப்பிட்டேன்?” என்று கேட்டேன்.

“இப்பவும் கூப்பிடுற.”

சம்பந்தி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறைக்குப் பத்து ஐம்பதுக்கு வந்தோம். வண்டிகளைப் படகில் ஏற்றும்போது ஆட்கள் இறங்கி நடந்து ஏற வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனம்: படகில் கவின் மாதிரி ஆட்களுக்குக் கம்பிக்கு நடுவே இடைவெளி அதிகம். சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். சம்பந்தி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கைக்குழந்தை என்னிடம் வந்தது. அலையாத்தி மரங்களும் பச்சைத் தண்ணீருமாக நகர்ந்துபோவதை அது வாயைத் திறந்து பார்த்தது. நான் அதைக் கூப்பிடப் பார்த்தேன். வாயில் வந்த பெயரை விழுங்கினேன். மற்றப் பெயர் வரவில்லை. கால் நிலைகொள்ளாமல், படகு அக்கரை சேரும்வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தேன்.

பாராடாங்கில் சாப்பாடு, மீன் குழம்போடு ஆளுக்கு நூற்றைம்பது. அடுத்த கடல் கழிக்கு இப்போது பாலம் இருக்கிறது, படகு வேண்டாம். ரங்கத் போய்ச் சேர்ந்தது இரண்டு முப்பத்தைந்துக்கு.

மாப்பிள்ளை வாசலில் நின்றார். “வாங்க அத்தை, பிரயாணம் சௌகரியமா?”

“பிள்ளைக்கு என்ன பேரு மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

வசந்தியைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார். “அது வந்து... உங்க இஷ்டம்தான் அத்தை” என்றார். அந்த நேரத்திலும்!

“அவருக்கு அன்னைக்கே தெரியும்மா” என்றாள் வசந்தி. “நீ போன் வச்ச ஒடனேயே நான் சொல்லிட்டேன்.”

வெள்ளிக்கிழமை யாழினி என்று பெயர் சூட்டினார்கள். காதில் மூன்று தடவை சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள். சொன்னேன். வசந்தி என் முதுகில் கை வைத்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கான்வாய் நேரம் மாறும், முந்தின நாளே விசாரியுங்கள். எல்லாருடைய அடையாள அட்டையும், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். வரிசை நகரும் முன் குழந்தைக்குப் பால், உடுப்பு, ஒண்ணுக்கு எல்லாம் முடித்துவிடுங்கள். மாற்றுத் துணியை டிக்கியில் போடாமல் காலடியில் வையுங்கள். மடக்கு மடக்காக வளைவு வரும், பூரி கொடுக்காதீர்கள். எங்கள் கவின் தின்ற பூரி தாஸின் சீட்டில்தான் முடிந்தது. சண்டை ஏதும் இருந்தால் ஜிர்காடாங் வருவதற்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

வசந்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கேட்டது அவள் பெயரை, அவள் மகள் பெயரை. சம்பந்தி எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் எனக்கு அக்கா ஆகியிருப்பார்; மருமகளுக்காக அவ்வளவு தூரம் வாய் திறக்காமல் ஏச்சு வாங்கினார். பந்தி விஷயம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டேன். வேண்டாம் அத்தை என்று ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். சொல்லாமல், இரண்டு மாதம் அந்தப் பெயரை நான் குழந்தையின் காதில் கொஞ்ச விட்டு, என் மல்லிகாவை இரண்டாம் தடவையாக என்னைப் பறிகொடுக்கவைத்தது ஒரே ஆள். மன்னிக்க மாட்டேன். மாப்பிள்ளை செந்தில்.