சாய்லியன் கொடுத்த மாத்திரைகள்

சீனாவின் திங்சியில் ஆளி விதை எண்ணெய் ஊற்றாமல் சமையல் இல்லை. பள்ளி உணவுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சமைத்து ஓய்வுபெற்ற சாய்லியனுக்கு அது மருந்தென்று தோன்றியதே இல்லை. மாத்திரைக் கம்பெனி ஒன்று நடத்திய ஆரோக்கியக் கூட்டத்துக்குப் போய் வந்தபின் அதே எண்ணெயை உருண்டை மாத்திரைகளாக விற்கத் தொடங்கினாள். சதுக்கத்தில் மாலையில் உடற்பயிற்சியாக ஆடும் பெண்கள் அவளை "டாக்டரம்மா" என்று கேலி செய்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஆட்டக்கூட்டத்தில் சுய்பிங்தான் அவளுக்கு நெருக்கம். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை எடுப்பவள்.

"காலைல மூணு, சாயங்காலம் மூணு. வெறும் வயித்துல ஒரு கரண்டி எண்ணெயும் குடி. டாக்டர்கிட்ட சொல்லாத, அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று சாய்லியன் அவளிடம் சொன்னாள்.

சில நாளில் சுய்பிங்குக்கு வயிற்றால் போனது.

"உள்ள இருக்கிற அழுக்கு வெளியேறுது, நல்லதுதான்" என்றாள் சாய்லியன், யோசிக்காமலே.

அடுத்த மாதம் சுய்பிங்குக்கு ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. சாய்லியன் துணைக்குப் போனாள்.

"வால்வு மாத்திரை தவிர வேற எதாவது சாப்பிடறீங்களா?" என்று பல் மருத்துவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை" என்றாள் சுய்பிங்.

சாய்லியன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பல் கழன்று வந்துவிட்டது, ரத்தம்தான் நிற்கவில்லை. நாலாவது பஞ்சும் நனைந்து, தாடை வழியே கழுத்துவரை இறங்கியபோது சாய்லியன் மருத்துவரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான்தான் ஆளி எண்ணெய் மாத்திரை குடுத்தேன். சொல்லாதேன்னு சொன்னதும் நான்தான்."

மருத்துவர் தையல் போட்டபடியே பேசினார். "சமையல்ல ஊத்தறது வேற. இவங்க மாத்திரையோட இவ்வளவு சேர்ந்தா ரத்தக்கசிவு கூடலாம். அதுதான் காரணம்னு நான் சொல்லலை. ஆனா தெரிஞ்சிருந்தா முதல்ல ரத்தத்தைச் சோதிச்சிருப்பேன்."

அவர் திட்டியிருந்தால்கூட சாய்லியனுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

சுய்பிங்கைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மாலைக்குள் ரத்தம் நின்றது.

மறுநாள் சதுக்கத்தில் பாட்டுப் போடுவதற்கு முன் சாய்லியன் நடந்ததை எல்லோரிடமும் சொன்னாள். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள், வேறு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தன் மாத்திரையைத் தொடவேண்டாம் என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எனக்கும் வயித்தால போச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை" என்றாள். யாரும் டாக்டரம்மா என்று சொல்லவில்லை.

உருளைக்கிழங்குக் கஞ்சியோடு சாய்லியன் பார்க்கப் போனபோது சுய்பிங் கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஏன்க்கா இப்படித் தலையைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்க? இல்லைன்னு சொன்னது நான்தானே."

சாய்லியனால் நிமிர முடியவில்லை.