தட்டின் அடியில் ஒன்றரை டாலர்

ஆர்லிஸ் ஹோவுக்குப் பன்னிரண்டு வயதில் பிள்ளை பார்க்கும் வேலை வந்து சேர்ந்தது. அவள் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெர்னா லுண்டின் நாலு வயது மகன் கர்ட் பிரசங்கத்தின் நடுவே ஊளையிட்டான். பின்வரிசையில் இருந்த ஆர்லிஸ் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், வரிசையாய் நின்ற கார்களின் சக்கரங்களை எண்ண ஆரம்பித்தாள். அவள் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, நாற்பத்தெட்டாவது சக்கரத்தில் அவன் அவள் தோளிலேயே தூங்கிப்போனான். இந்தப் பெண்ணை விடக்கூடாது என்று வெர்னா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

லுண்ட் தம்பதிக்கு வியாழக்கிழமை சாயங்காலம் சீட்டுக் கச்சேரி. நாலு ஜோடிகள், வாரம் ஒரு வீடு, ஐந்தரை முதல் ஒன்பதரை வரை. மினசோட்டாவில் ஆறு மாசம் பனியில் கிடக்கிறவர்களுக்கு அதுவும் இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும். முதல் வியாழன் முடிந்து அவளைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது டுவேன் லுண்ட் கேட்டார்.

"எவ்வளவும்மா குடுக்கட்டும்?"

"நீங்களே பாத்துக் குடுங்க, மிஸ்டர் லுண்ட்."

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. டுவேன் மனைவியைக் கேட்டார், மனைவி தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும் பெண்களைக் கேட்டாள். மணிக்கு ஒரு டாலர் என்று அந்தச் சபை தீர்ப்புச் சொன்னது. ஒருத்தி கூட்டிக் கொடுத்தால் மற்றவளுக்குச் சங்கடம் அல்லவா? ஆகவே ஊர் முழுக்க ஒரு டாலர். மனசு கேட்காத தாய்மார்கள் மிச்சத்தைக் கேக்காகவும் வெள்ளரிக்காயாகவும் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். அந்த மூன்று வருஷத்தில் ஆர்லிஸின் வீட்டில் யாரும் காசு கொடுத்து வெள்ளரிக்காய் வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் காப்பி வேண்டுமா என்று யாராவது கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாவது தடவை, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்போம். மூன்றாவது தடவை, சரி, அரைக் கோப்பை என்று சொல்லிவிட்டு முழுக் கோப்பையையும் குடிப்போம். முதல் தடவையே வாங்கிக் குடித்தவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. எல்லாரும் வெளியூர்க்காரர்கள். பணமும் இதே கதைதான். ஒவ்வொரு வியாழனும் காரில் டுவேன் நாலு டாலரை நீட்ட, ஆர்லிஸ் "அய்யோ, இவ்வளவு எதுக்கு" என்பாள். "புடிம்மா" என்பார். "ஒண்ணுமே செய்யல, அவங்க தூங்கிட்டாங்க" என்பாள். "அட, புடி." அப்புறம்தான் வாங்குவாள்.

ஆனால் ஒன்றுமே செய்யாமல் இல்லை. எட்டு மணிக்குத் தானிய ரயில் ஊரைத் தாண்டிப் போகும். கர்ட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது முழுசாகத் தெரியும். எத்தனை பெட்டி என்று எண்ணி முடித்தால்தான் அவன் கண்ணை மூடுவான். தங்கை ஹைடிக்குப் பாலில் ஆடை இருக்கக்கூடாது, முகத்தைச் சுளித்து டம்ளரைத் தள்ளிவிடுவாள். எண்பத்து மூன்றாம் வருஷம் மார்ச்சில் மூன்றாவதாக நெல்ஸ் பிறந்தான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் மட்டும் அழமாட்டான், உட்கார்ந்தால் போதும், கூரை பறக்கும். ஆர்லிஸ் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்த நடைக்குப் பக்கத்து மாநிலமே போய்ச் சேர்ந்திருக்கலாம். கூலி மட்டும் அதே ஒரு டாலர்.

அவளுக்கு இப்போது பதினைந்து வயது. இரும்புக்கடை ஜன்னலில் நீல நிறத்தில் ஒரு பத்து கியர் சைக்கிள் நின்றது, அதன்மேல் கண். பணம் பெரிதில்லை என்று சொன்னால் பொய். அதைவிட, தான் படும் பாடு அவர்களுக்குத் தெரிகிறதா என்று அறிய ஆசை. மணிக்கு ஒன்றரை டாலர் கேட்பது என்று தீர்மானித்துக் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். கண்ணாடியிடம் மிகவும் தெளிவாகச் சொன்னாள்.

மே மாசத்தின் இரண்டாவது வியாழன், காரில், நாலு டாலரை வாங்கிய பிறகு, வாயைத் திறந்தாள்.

"மிஸ்டர் லுண்ட், இப்ப மூணு பேரு ஆயிட்டாங்க இல்ல..."

"ஆமா. மூணு."

"முன்ன மாதிரி இல்ல. கொஞ்சம் வேல கூடத்தான் இருக்கு."

"இருக்கும், இருக்கும்."

"எனக்கும் ஸ்கூல்ல பாடம் ஜாஸ்தியாயிருச்சு. அதான்... என்ன பண்ணலாம்னு நீங்களே பாத்து..."

"ம்ம். வெர்னாகிட்ட சொல்றேன்." அவர் கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்தார். "நாளைக்குக் காத்து அடிக்கும்போல."

ஆர்லிஸ் துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அம்மா லவோன் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கேட்டுட்டேன்!"

"எவ்வளவு கேட்ட?"

"எவ்வளவுன்னு சொல்லல."

"பணம்னாவது சொன்னியா?"

"சொல்லாமலே புரிஞ்சிருக்கும்மா."

"வாயில என்னடி, ரொட்டியா வச்சிருந்த?" என்று லவோன் சிரித்தாள்.

திங்கட்கிழமை வெர்னாவே வாசலுக்கு வந்து, பெரிய தகரத் தட்டு நிறைய சாக்லேட் கேக்கைக் கொடுத்தாள். "இத்தன வருஷமா எங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்க ஆர்லிஸ். மறக்கமாட்டோம்" என்று சொல்லும்போது அவள் மூக்கு சிவந்திருந்தது. கூலி உயர்வுக்கு இவ்வளவு பெரிய முன்னுரையா என்று ஆர்லிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. வியாழன் ஐந்து மணிக்கே தலைவாரி, பையை எடுத்து வாசலில் நின்றாள். கார் வரவில்லை. யாருக்காவது காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த இரண்டு வியாழனும் வரவில்லை.

விடை ஜூன் முதல் சனிக்கிழமை ஏரிக்கரையில் கிடைத்தது. கர்ட் ஈரத்தோடு ஓடிவந்து அவள் துண்டின்மேல் உட்கார்ந்தான்.

"நீ ஏன் வர்றதில்ல? நாங்க மூணு பேரும் உனக்குப் பாரமாமே?"

"யாருடா சொன்னது?"

"நீதான். அப்பாகிட்ட சொன்னியாம், முடியலன்னு. உன்னத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. இப்ப ரெனே வர்றா."

ரெனேயின் குடும்பம் சிகாகோவிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"நல்லாப் பாத்துக்கறாளா?"

"ரயில எண்ணமாட்டேங்குறா. ரயில்னா ரயில்தானேங்குறா." கர்ட் அருவருப்போடு மூக்கைச் சுருக்கினான். "அவளுக்கு மணிக்கு ஒன்றரை டாலர் தெரியுமா? அவ அம்மா போன்லயே சொல்லிட்டாங்க, மூணு பிள்ளைன்னா ஒன்றரைன்னு. எங்கம்மா உடனே சரின்னுட்டாங்க."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சிகாகோவிலும் செல்லும் போலிருக்கிறது. ஆர்லிஸ் வீட்டுக்கு வந்து படுக்கையில் குப்புற விழுந்து அழுதாள். ஒன்றரை டாலர் போனது ஒரு வலி. பாரம் என்ற சொல்லை அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறான் என்பது அதைவிடப் பெரிய வலி. மூன்று வருஷம் தூக்கிச் சுமந்ததில் ஒரு நாள்கூட அவளுக்கு அப்படித் தோன்றியதில்லை.

லவோன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "போய் நேராச் சொல்லிட்டு வாயேன்."

"நீன்னா சொல்லுவியா?"

லவோன் யோசித்தாள். "மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா அவங்க தட்டு இங்கதான் இருக்கு. அதத் திருப்பிக் குடுத்துத்தானே ஆகணும்."

எங்கள் ஊரில் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தவள் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. கொல்லையில் அப்போது ருபார்ப் காலம். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தப் புளிப்புத் தண்டு களைபோல் முளைத்துக் கிடக்கும். ஆர்லிஸ் ஒரு கூடை நறுக்கி, சர்க்கரையைத் தாராளமாகக் கொட்டி, கேக் செய்தாள். அது ஆறட்டும் என்று வைத்திருந்தபோது தட்டை உயர்த்தி அடியைப் பார்த்தாள். எல்லார் வீட்டுத் தட்டிலும் இருப்பதுபோல அதிலும் காகித டேப் ஒட்டி, தட்டு மாறிவிடாமல் இருக்க 'வெ. லுண்ட்' என்று எழுதியிருந்தது.

அவள் டேப் சுருளை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, அந்தப் பேருக்குக் கீழே ஒட்டினாள். பேனாவை எடுத்து, ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்: 'மூன்று பேருக்கு மணிக்கு ஒன்றரை டாலர். அவர்கள் பாரம் இல்லை. வர ஆசை. ஆர்லிஸ்.'

லவோன் தட்டைத் தூக்கி மூட வந்தவள் அடியைப் பார்த்துவிட்டாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. ஊர் என்ன சொல்லும் என்று நாற்பது வருஷம் நினைத்துப் பழகிய பெண் அவள். ஆனால் டேப்பின் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்ததைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து நன்றாக ஒட்டவைத்தாள். "தண்ணில நனைஞ்சாலும் போகாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தட்டு போய்ச் சேர்ந்தது. திங்கள் போன் வரவில்லை. செவ்வாயும் இல்லை. தட்டைக் கழுவாமலே வைத்துவிட்டார்களா, கழுவிவிட்டுச் சிரித்தார்களா, கீழ்த்தளத்துக் காப்பிச் சபையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களா? புதன்கிழமை சாயங்காலம் மணி அடித்தது.

"ஆர்லிஸா? வெர்னா பேசறேன். இன்னைக்கு வெயில் எப்படி இருந்துச்சு பாத்தியா?"

"ஆமா மிசஸ் லுண்ட். நல்ல வெயில்."

"கேக் ரொம்ப நல்லாருந்துச்சு. டுவேன் நாலு துண்டு சாப்பிட்டாரு."

"அது ஒண்ணும் பெருசில்ல. ருபார்ப்தான் சும்மா கெடக்கே."

"தட்டக் கழுவிட்டிருந்தேன்..." வெர்னா நிறுத்தினாள். "ரெனேவுக்கு இனிமே வியாழன் வேற வேல இருக்காம். நாளைக்கு அஞ்சரைக்கு டுவேன் வந்தா உனக்குத் தோதுப்படுமா?"

"தோதுப்படும்."

அவ்வளவுதான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

வியாழன் அன்று அவள் கதவைத் திறந்ததும் ஹைடி முழங்காலைக் கட்டிக்கொண்டாள், நெல்ஸ் தோளுக்கு வந்தான். எட்டு மணிக்கு நாலு பேரும் ஜன்னலில் நின்றார்கள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். பெட்டிகள் ஒவ்வொன்றாய்ப் போயின.

"நான் கனமா ஆர்லிஸ்?" என்று எழுபதாவது பெட்டியில் கர்ட் எண்ணிக்கையை விட்டுக் கேட்டான்.

"கனம்தான். அதுக்கென்ன? எனக்குப் பலம் இருக்கு. எழுபத்தி ஒண்ணு, சொல்லு."

"எழுபத்தி ஒண்ணு" என்றான் அவன், மிகுந்த திருப்தியோடு.

ஒன்பதரைக்கு டுவேன் அவளைக் காரில் கொண்டுவந்தார். மேற்கே வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சட்டைப் பையில் கைவிட்டு, நோட்டுகளை எடுத்தார். ஆர்லிஸ் ஓரக்கண்ணால் எண்ணினாள். ஆறு.

"இந்தா ஆர்லிஸ்."

அய்யோ, இவ்வளவு எதுக்கு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று வருஷப் பழக்கம், லேசில் போகுமா? அவள் அதை மென்று முழுங்கினாள். கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ், மிஸ்டர் லுண்ட்."

டுவேனின் கை அந்தரத்திலேயே நின்றது. புடிம்மா, அட புடி என்று இரண்டு சுற்றுக்கு ஆயத்தமாக வந்த மனுஷன். இப்போது அந்த இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையைத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்தார். கண்ணாடி வழியே வானத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மழ வராது" என்றார்.

"வராது" என்றாள் ஆர்லிஸ்.

அவள் கதவைத் திறந்து இறங்கியபோது அவர் குனிந்து கேட்டார். "இன்னைக்கு எத்தன பெட்டி?"

"எண்பத்தி ஏழு."

"ரெனே வந்தப்ப மூணு வாரமும் அவன் தூங்கவே இல்ல" என்றார் டுவேன். எங்கள் ஊர்க் கணக்கில் அது ஒரு பெரிய சொற்பொழிவு. பிறகு காதுவரை சிவந்துபோய், வண்டியைக் கிளப்பினார்.

ஆர்லிஸ் ஆறு டாலரையும் கைக்குள் மூடிக்கொண்டு படியேறினாள். உள்ளேயிருந்து லவோன், "வாங்கினியா?" என்று கத்தினாள்.

"மொதத் தடவையே வாங்கிட்டேன்!" என்று அவளும் தெருவே கேட்கக் கத்தினாள்.