பால் சங்கத்துக்காரர் கட்டிய ஃபிளெக்ஸ்

ஸ்பிரிட் கடத்தல் வழக்கில் தண்டனை வாங்கிக் கொடுத்த அன்று, குற்றவாளியின் மைத்துனன் நீதிமன்ற வராந்தாவில் என்னை வழிமறித்தான். "உங்க ஊட்டைக் கண்டுபிடிக்க எத்தன நேரமாகும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அரசு வழக்கறிஞராக எத்தனையோ முறைப்புகளைப் பார்த்தவள்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நேரே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். என் விலாசம், என் குமாஸ்தாவின் செல் நம்பர் எதுவும் வெளியே போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டேன்.

மறுநாள் மாலை மீனாட்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே ஆளுயரத்துக்கு மேல் நானே நிற்கிறேன். தலை நிறைய மல்லிகையோடு, யார் கல்யாணத்திலோ எடுத்த படம். 'வெற்றி கண்ட எங்கள் வக்கீலம்மாவுக்கு வாழ்த்துகள்.' கீழே குமாஸ்தாவின் நம்பர். அதற்கும் கீழே என் வீட்டுப் பக்கமாக ஓர் அம்புக்குறி. அதுவும் சிவப்பில்.

கட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர், பால் சங்கச் செயலாளர். நேரே அவருடைய மாட்டுக் கொட்டகைக்கே போய்ப் பிடித்தேன்.

"ஏனுங்ண்ணா, என்ன வேலைங்க இது?"

"நாலு சனத்துக்குத் தெரிஞ்சாத்தானுங்க அம்முணி கேஸு வரும்?"

"நான் என்ன கடையா வெச்சிருக்கறேன்? எனக்குக் கேஸ் குடுக்கறது கவர்மென்ட்டுங்ண்ணா!"

கத்திவிட்டு, வராந்தாவில் நடந்ததைச் சொன்னேன். மனுஷருக்கு முகம் செத்துப்போயிற்று. அப்போதே போய் ஃபிளெக்ஸை அவிழ்த்தார். ஆனால் நல்ல ஃபிளெக்ஸை வீணாக்க மனசு வரவில்லை. கொட்டகைக் கூரை ஒழுகும் இடத்தில், படம் வெளியே தெரியாதபடி உள்பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார். அன்று முதல் நான் மாடுகளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல் அடித்தது. பாதுகாப்புக்காக என் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக மஃப்டியில் வந்த போலீஸ்காரர். பாவம், நொந்துபோயிருந்தார். டீக்கடையில் கேட்டால் இந்த ஊரில் வக்கீலே கிடையாது என்கிறார்களாம். பால் சங்கத்திலோ, மாட்டு டாக்டர் வேண்டுமானால் இருக்கிறார் என்கிறார்களாம். கோவில் பக்கம் போனால் நாலு பேர் சேர்ந்து பஸ் ஏற்றிவிடப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். வெயிலுக்கு ஒரு மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கியிருப்பதாகவும், ஒரு பெரியவர் மோர் கொடுத்ததாகவும் சொன்னார். ஒரு வாரமாக வயிற்றில் கிடந்த பயம் போய்ச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பால் சங்கத்து அண்ணனின் கொட்டகைக்கு ஓடிப்போய், "நான்தானுங்க அந்த வக்கீல்" என்றேன்.

வந்தவர் போலீஸ் என்பது அண்ணனுக்கு எப்படித் தெரியும்? சாணி அள்ளும் மண்வெட்டியோடு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"இந்தம்மா யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. இதுக்கு முன்ன பாத்ததே இல்லீங்க" என்றார்.

அவர் தலைக்கு மேலே, மல்லிகை வைத்துக்கொண்டு நான் இளித்துக்கொண்டிருந்தேன்.